பவளத் தொட்டியின் காரத்தன்மையை நிலைநிறுத்திய வேலை: அளவுக் கருவி முதல் டோசிங் பம்ப் வரை

பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டியில் ஏதேனும் கோளாறு தெரிந்தவுடன், எதை ஊற்றினால் சரியாகும் என்றுதான் பெரும்பாலும் யோசிக்கிறோம். இங்கே பதிவு செய்யும் வேலையை நான் வேறு வரிசையில் செய்தேன். அளக்கும் கருவிகளை முதலில் சோதித்து, தொட்டிக்குள் வரும் தண்ணீரைப் பார்த்து, இயந்திரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே ரசாயனக் கரைசல்களின் அளவைத் தொட்டேன். அந்த வரிசைதான் இந்த வேலையின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

தொட்டியும் அதன் கீழுள்ள சம்ப் என்னும் துணைத்தொட்டியும் சேர்த்து, பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தால், புழக்கத்தில் இருக்கும் நீர் 280 லிட்டர். வெளிச்சம் மிகுந்த மேல்பகுதியில் அக்ரோபோரா, மான்டிபோரா ஆகிய கல் பவளங்களும், கீழே சற்று நிழலான இடத்தில் யூஃபிலியாவும் இருக்கின்றன. காரத்தன்மை, அதாவது நாம் டி.கே.எச். என்ற அலகில் குறிக்கும் ஆல்கலினிட்டி (பவளம் எலும்புக்கூடு கட்டப் பயன்படுத்தும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு), வாரத்துக்குள் 8.2க்கும் 7.2க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெக்னீசியம் 1,215 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,215 பங்கு) என்று தாழ்ந்திருந்தது. நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையில் கறுப்பாகத் திரள வேண்டிய கழிவு, வெளிர் தேநீர் நிறத்தில் கொஞ்சமாகவே சேர்ந்தது. சம்பிலிருந்து நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பிலிருந்து மேலேறும் நீரின் வேகமும் குறைந்திருந்தது.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்தியது அக்ரோபோராவின் கிளை நுனிகள்தான். நன்றாக வளரும் அக்ரோபோராவின் நுனியும் வெளிறித்தான் இருக்கும். ஆனால் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், அந்த வெளிறிய பகுதியின் மேலும் மெல்லிய சதைத்தோல் பளபளப்பாகப் போர்த்தியிருப்பதும், நுனிக் கிண்ணத்தின் விளிம்பு ஈரமாக மினுங்குவதும் தெரியும். என் தொட்டியில் இரண்டு கிளைகளின் நுனியில் அந்தத் தோல் இல்லை. சதை ஒரு கோடு போட்டதுபோல நின்றுவிட, அதற்கு மேலே எலும்புக்கூடு சொரசொரப்பாக வெளியே தெரிந்தது. அதன் துளைகளில் பாசியின் பச்சை நிறம் ஒட்டத் தொடங்கியிருந்தது. கார அளவு அலைபாயும் தொட்டிகளில் நுனி கருகுவது அறிந்த செய்தி. ஊட்டச்சத்து மிகக் குறைந்து, காரத்தன்மை மட்டும் உயர்ந்திருந்தாலும் இதே தோற்றம் வரும். ஆனால் என் நீரில் நைட்ரேட் 15, பாஸ்பேட் 0.12 பி.பி.எம். என்று இருந்ததால் அந்தக் காரணத்தை ஒதுக்கிவிட்டேன்.

உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரிலிருந்து தொடங்கினேன். மற்ற எல்லா எண்களும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. இயற்கைக் கடல்நீரில் உப்புத்தன்மை ஆயிரத்தில் 35 பங்காக இருக்கும்போது கால்சியம் ஏறத்தாழ 410 முதல் 420, மெக்னீசியம் ஏறத்தாழ 1,290 பி.பி.எம். இருக்கும். நீர் 33க்கு நீர்த்துப்போனால் இவை அனைத்தும் அதே விகிதத்தில் குறையும். தூய நீரில் என் கருவி பூச்சியத்தைச் சரியாகக் காட்டியது. ஆனால் 35 என்று அளவு உறுதிசெய்யப்பட்ட திட்டக் கரைசலை ஒரு சொட்டு வைத்து, அது கருவியின் வெப்பநிலைக்கு வரும்வரை அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தபோது, கோடு 37இல் நின்றது. சாதாரண உப்புக்கரைசலுக்கென்று, அதாவது சோடியம் குளோரைடுக்கென்று அளவுகோல் பொறிக்கப்பட்ட கருவிகள் கடல்நீரை ஆயிரத்தில் ஏறத்தாழ 1.5 பங்கு கூட்டியே காட்டும். பூச்சியத்தை மட்டும் சரிபார்ப்பதில் இந்தப் பிழை வெளிப்படாது. நாம் பயன்படுத்தும் அளவுக்கு அருகிலேயே கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. கருவி 35 காட்டிய என் தொட்டி நீர் உண்மையில் 33. மெக்னீசியத்தின் தாழ்வுக்கும் அதுவே விளக்கம்: 1,290ஐ 35ஆல் வகுத்து 33ஆல் பெருக்கினால் 1,216 வருகிறது. மெக்னீசியத்துக்குத் தனியாக எதையும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

காரத்தன்மைச் சோதனைப் பெட்டியைச் சரிபார்க்கத் திட்டக் கரைசலை வீட்டிலேயே தயாரிக்கலாம். சோடியம் பைகார்பனேட்டின் மூலக்கூறு எடை 84. ஒரு லிட்டரில் ஒரு மில்லி சமானம் (அமிலத்தை நடுநிலையாக்கும் திறனை அளக்கும் வேதியியல் அலகு) என்பது 2.8 டி.கே.எச். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் தூய நீரில் 0.24 கிராம் கரைந்திருந்தால் அந்தக் கரைசல் சரியாக 8.0 டி.கே.எச். காட்ட வேண்டும். இவ்வளவு சிறிய எடையை நேரடியாக நிறுப்பதில் பிழை வரும் என்பதால், 2.40 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதிலிருந்து 100 மி.லி. எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக நீர்த்தேன். சமையல் சோடா என்று விற்கப்படும் தூய பைகார்பனேட் இதற்குப் போதும். மாவில் சேர்க்கும் பேக்கிங் பவுடரில் அமிலப்பொருளும் மாவும் கலந்திருப்பதால் அது உதவாது. என் பெட்டி 8.4 காட்டியது. மீண்டும் மீண்டும் செய்தபோதும் அதே 8.4. ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகக் காட்டித் தடுமாறும் கருவியைவிட, ஒரே சீராக 5 விழுக்காடு கூட்டிக் காட்டும் கருவி எனக்குப் பயன்படும், ஏனென்றால் அதைக் கணக்கில் கழித்துவிட முடியும். இந்தப் பதிவில் வரும் டி.கே.எச். எண்கள் எல்லாம் அவ்வாறு கழித்துத் திருத்தியவையே.

அடுத்துத் தண்ணீர் வரும் வழி. குழாய்நீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுக்கு முன் கரைதிண்ம அளவு 180 பி.பி.எம்., சவ்வுக்குப் பின் 6 என்று இருந்தது. அதாவது சவ்வு ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது, அதில் குறையில்லை. ஆனால் அதற்கும் பிந்தி, மிஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினைத் தாண்டியும் 2 பி.பி.எம். வந்தது. ரெசின் தீரும் நிலையில் வலுக்குறைவாகப் பிடித்துவைத்திருக்கும் சிலிக்காவைத்தான் முதலில் விடும். கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் பழுப்புப் படலம் வருவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ரெசினை மாற்றினேன். கருவி ஓய்ந்திருந்து மீண்டும் ஓடத் தொடங்கும்போது முதல் சில நிமிடங்கள் வரும் நீரில் கரைதிண்மம் கூடுதலாக இருக்கும். அந்த நீரை ரெசினுக்குள் விடாமல் ஒரு வால்வு வைத்து வெளியேற்றிவிட்டால் ரெசின் நெடுநாள் உழைக்கும்.

இனி ஸ்கிம்மர். நீரில் கரைந்துள்ள புரதம் முதலான கரிமப் பொருள்கள் நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அந்தப் பரப்பைக் கோடிக்கணக்கான நுண்குமிழிகளால் பெருக்கி, நுரையாக மேலே தள்ளிப் பிரிப்பதுதான் இதன் வேலை. ஆகவே காற்று குறைந்தால் வேலையும் குறையும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காற்றுக் குழாயைப் பிடுங்கிப் பார்த்தபோது, அது பம்பின் வாயில் சேரும் இடத்தில் உப்பு கெட்டியாக அடைத்து, ஊசி நுழையும் அளவுக்கே துளை மிஞ்சியிருந்தது. உள்ளே வரும் வறண்ட காற்று அங்கே தெறிக்கும் நீர்த்துளிகளை உலர்த்திவிடுவதால் இந்த இடத்தில் எப்போதுமே உப்பு படியும். வெதுவெதுப்பான தூய நீர் உப்பை உடனே கரைத்துவிடும். அமிலம் வேண்டியதில்லை.

பம்புக்குள் சுழலும் பகுதியான இம்பெல்லரின் நிலை வேறு. அதைத் தண்டின் நேர்க்கோட்டிலேயே, பக்கவாட்டில் சாய்க்காமல் இழுத்து எடுக்க வேண்டும், செராமிக் தண்டு வளையாது, முறிந்துவிடும். நுண்குமிழி உண்டாக்கும் ஊசிச் சக்கரத்தின் ஊசிகளுக்கு இடையே, வெந்நீர்ப் பானையின் உட்புறம் படிவதுபோல வெண்சுண்ணாம்பு படிந்து, வெளி வட்டத்திலிருந்த சில ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. காந்தத்தைச் சுற்றியிருந்த உறையில் வெடிப்போ வீக்கமோ இல்லை என்பதை விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அது வீங்கியிருந்தால் சுத்தம் செய்து திரும்ப மாட்டக் கூடாது. உறைக்குள் நீர் புகுந்து காந்தம் துருப்பிடித்தால் அந்த உலோகம் தொட்டி நீரில்தான் கலக்கும்.

லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் இம்பெல்லர், பம்பின் மூடி, அறை ஆகியவற்றை மூழ்க வைத்தேன். சிறிது நேரத்தில் சுண்ணாம்பிலிருந்து குமிழிகள் எழுந்து சீறத் தொடங்கின. சீற்றம் அடங்கியபோது ஊசிகளுக்கு இடையே மிருதுவான கசடு மட்டும் எஞ்சியது. அதை மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டு, தூய நீரில் நன்றாக அலசினேன். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: சாதனங்களைச் சுத்தம் செய்யச் சிலர் பிளீச்சும் பயன்படுத்துவதுண்டு. அமிலமும் பிளீச்சும் ஒரே வாளியில், ஒரே நேரத்தில், ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். ஓ-ரிங்குகளுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டுமே தடவினேன், பெட்ரோலிய வகைக் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

திரும்ப மாட்டிய பிறகு குமிழிகளின் தோற்றமே மாறியது. முன்பு தனித்தனியே எண்ணக்கூடிய அளவில் மேலேறிய குமிழிகள், இப்போது பால் கலந்தது போன்ற வெண்மையாகச் சுழன்றன. ஸ்கிம்மருக்குள் நீர்மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தியே வைத்து, நுரை நிதானமடைந்த பிறகு சிறிது சிறிதாக உயர்த்தினேன். காற்றுக் குழாயின் மறுமுனையைச் சன்னலுக்கு வெளியே கொண்டுபோனதும் பயன் தந்தது. மூடிய அறையில் மனிதர் மூச்சால் சேரும் கார்பன் டைஆக்சைடு நீரில் கரைந்து பி.எச். அளவைத் தாழ்த்துகிறது. வெளிக்காற்றை இழுக்கத் தொடங்கியபின் அதிகாலையின் மிகத் தாழ்ந்த பி.எச். 7.9இலிருந்து 8.0க்கு உயர்ந்தது.

ரிட்டர்ன் பம்பிலும் அதே சுண்ணாம்புதான், ஆனால் அதன் தடிமன் அதிகம். கால்சியம் கார்பனேட் வெப்பம் கூடினால் கரைதிறன் குறையும் தன்மையுடையது. ஆகவே பம்பின் சூடான பரப்பிலும் ஹீட்டரின் மேலும் அது படிவது எதிர்பார்க்கக்கூடியதே. இருந்தாலும் அந்தத் தடிமனுக்கு வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று தோன்றியது. டோசிங் பம்ப் நாள்தோறும் சிறு தவணைகளாகச் செலுத்தும் காரக் கரைசல் சொட்டும் குழாய் இந்த ரிட்டர்ன் பம்பின் உறிஞ்சு வாய்க்கு நேர் மேலேயே இருந்தது. நீரில் பரவிக் கலக்கும் முன்னரே கரைசல் பம்புக்குள் இழுக்கப்பட்டு, அங்கேயே கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிக்கொண்டிருந்திருக்கிறது. பவளத்துக்குச் சேர வேண்டியதன் ஒரு பங்கைப் பம்ப் எடுத்துக்கொண்டது என்றே பொருள். பம்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்ததோடு, சொட்டும் இடத்தை ஸ்கிம்மர் அறையின் நீரோட்டம் மிகுந்த பகுதிக்கு மாற்றினேன். குழாயின் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே, காற்றில் தொங்கும்படி வைத்தேன். நீருக்குள் அமிழ்ந்திருந்தால் நுனியிலேயே சுண்ணாம்பு கட்டி அடைத்துக்கொள்ளும், சில சமயம் சைஃபனும், அதாவது நீர் குழாய் வழியே தானாக இழுபட்டு ஓடுவதும், ஏற்படும்.

பம்பை நிறுத்தியபோதே, மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற சோதனையையும் முடித்துக்கொண்டேன். மேலிருந்து சம்புக்குத் திரும்பும் நீரைச் சம்ப் நிரம்பாமல் தாங்க வேண்டும். அதற்கு நான் நம்புவது, ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இட்ட சிறு துளையைத்தான். நீர் அந்த அளவுக்கு இறங்கியதும் துளை காற்றை இழுத்துச் சைஃபனை முறித்துவிடும். ஒருவழி வால்வுகள் கடல்நீரில் சுண்ணாம்பும் நத்தையும் சேர்ந்து மூடாமல் போவது மிகச் சாதாரணம். மின்கம்பிகள் எல்லாம் செருகும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகே மேலேற வேண்டும் என்பதையும், மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்வதையும் இதே நேரத்தில் பார்த்துவிடுவது நல்லது.

உப்புத்தன்மையை 33இலிருந்து 35க்குக் கொண்டுவந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் தானாக நீர் நிரப்பும் அமைப்பின் இருப்புத் தொட்டியில் எப்போதும் தூய நீரை வைக்கிறோம். என் தொட்டியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் ஆவியாகிறது. அந்த 4 லிட்டருக்குப் பதிலாக 35 அளவுள்ள உப்புநீரை நிரப்பவிட்டால் நாளுக்கு 140 கிராம் உப்பு சேரும். 280 லிட்டருக்கு அது ஆயிரத்தில் அரைப் பங்கு உயர்வு. உப்பை நேரடியாகக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மென்மையானது, பவளங்களும் இறால்களும் கவனிக்காத வேகம் என்றே சொல்லலாம். 35ஐத் தொட்டவுடன் இருப்புத் தொட்டியைக் கழுவித் தூய நீருக்குத் திரும்பிவிட்டேன். அப்போது அளந்தபோது மெக்னீசியம் 1,285.

இப்போதுதான் காரத்தன்மையின் அலைச்சலைக் கையிலெடுக்க முடிந்தது. டோசிங் பம்பை நிறுத்தி, ஒரு முழு நாள் இடைவெளியில், விளக்கு எரியத் தொடங்கும் அதே நேரத்தில் அளந்தேன். 8.2 என்பது 7.4 ஆகியிருந்தது. பவளங்களின் ஒரு நாள் நுகர்வு 0.8 டி.கே.எச். 280 லிட்டர் நீரில் ஒரு டி.கே.எச். என்பது 100 மில்லி சமானமாக அமைவதால் கணக்கு எளிது: நாளுக்கு 80 மில்லி சமானம் தேவை. லிட்டருக்கு 84 கிராம் பைகார்பனேட் கரைத்த என் கரைசலில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஒரு மில்லி சமானம் இருக்கிறது. எனவே நாளுக்கு 80 மி.லி. டோசிங் பம்பில் ஏற்கெனவே பதிந்திருந்த அளவும் சரியாக 80 மி.லி.தான்.

பிறகு நீர் ஏன் அலைபாய்ந்தது? பம்பின் வெளிக்குழாயை அளவுருளைக்குள் விட்டு, ஒரு நாளுக்குரிய 24 சிறு தவணைகளையும் அதில் பிடித்தேன். சேர்ந்தது 66 மி.லி. கால்சியம் கரைசலைச் செலுத்தும் பக்கத்தில் 71. இந்த வகைப் பம்பில் உருளைகள் சிலிகான் குழாயை நசுக்கியபடி சுழல, குழாய் மீண்டும் விரியும்போதுதான் அடுத்த துளி உள்ளே இழுக்கப்படுகிறது. குழாய் தளர்ந்து, முழுதாக விரியாமல் போனால், மோட்டார் அதே நேரம் சுழன்றாலும் கரைசல் குறைவாகவே வரும். கழற்றிப் பார்த்த குழாய் உருளை ஓடும் பகுதியில் தட்டையாகி, விரலால் அழுத்தி விட்டால் மெதுவாகவே எழுந்தது.

அலைச்சலின் கணக்கு முழுவதும் அதில் அடங்கிவிட்டது. நாளுக்கு 14 மி.லி. குறைவு என்றால் 0.14 டி.கே.எச்., வாரத்துக்கு ஏறத்தாழ 1.0. எனவே 8.2 படிப்படியாக 7.2 ஆகிறது. வார இறுதியில் மாற்றும் 70 லிட்டர் புது நீரைக் கலக்கப் பயன்பட்ட உப்பின் காரத்தன்மை 11. மொத்த நீரில் கால் பங்கு அப்படி மாறும்போது 7.2 ஒரே மூச்சில் மீண்டும் 8.2க்கு அருகே தாவுகிறது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இது சரியான எண்ணாகவே தோன்றும். பவளத்துக்கோ, ஆறு நாள் மெல்ல வறண்டு, ஏழாம் நாள் சில மணி நேரத்தில் உயரும் நீர். இயற்கைக் கடலில் காரத்தன்மை ஏறத்தாழ 7 டி.கே.எச். அளவில் நாள்தோறும் பெரிதாக மாறாமல் நிற்கிறது. 7.5இல் வைப்பதா 8.5இல் வைப்பதா என்ற விவாதத்தில் எனக்கு அதிக ஈடுபாடு இல்லை. தேர்ந்த எண் எதுவானாலும் அது அசையாமல் நிற்பதே கல் பவளத்துக்கு வேண்டியது.

இரண்டு குழாய்களையும் மாற்றி, 24 தவணைகளாகவே பிடித்து அளவை மீண்டும் பதிந்தேன். நீண்ட நேரம் ஓடவிட்டு ஒரே ஓட்டத்தில் அளவு பதிவதைவிட இதுவே நம்பகமானது, மூன்று மில்லிலிட்டர் சொட்டும்போது தொடக்கத்திலும் முடிவிலும் நேரும் சிறு இழப்பும் கணக்கில் வந்துவிடும். காரக் கரைசல் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும், கால்சியம் கரைசல் அரை மணி கழித்தும் சொட்டுகின்றன. கால்சியம் குளோரைடு இரு நீரேறியை லிட்டருக்கு 73.5 கிராம் கரைத்தால் அதிலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லி சமானம் கிடைக்கும். பவளம் தன் எலும்புக்கூட்டுக்கு இரண்டையும் ஒரே விகிதத்தில் எடுத்துக்கொள்வதால், 2.8 டி.கே.எச். குறையும்போது கால்சியம் 20 பி.பி.எம். குறைகிறது. எனவே இரு பக்கமும் சம அளவு போதும். நீர் மாற்றத்துக்குக் காரத்தன்மை 8க்கு அருகிலுள்ள வேறு உப்பைத் தேர்ந்துகொண்டேன்.

வாரங்கள் செல்ல, காரத்தன்மை 7.9க்கும் 8.1க்கும் இடையே நிற்கிறது. பாஸ்பேட் 0.06க்கும் நைட்ரேட் 8க்கும் இறங்கியிருக்கின்றன. ஸ்கிம்மர் உயிர் பெற்றபின் இவை பூச்சியத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம், ஏனென்றால் ஊட்டச்சத்தே இல்லாத நீரில் டைனோஃபிளஜெலேட் என்னும் வழவழப்பான பழுப்புப் படலம் இடம்பிடிக்கும். கருகிய இரண்டு நுனிகளில் ஒன்றில் சதைக்கோடு பாசியின் மேல் ஏறி மூடத் தொடங்கியிருக்கிறது. மற்றதில் பழைய நுனி அப்படியே இருக்க, அதற்குக் கீழே பக்கவாட்டில் புதிய கிளை முளைத்திருக்கிறது.

வளர்ச்சி கூடியதால் நுகர்வும் நாளுக்கு 1.1 டி.கே.எச். ஆகிவிட்டது, இப்போது 110 மி.லி. சொட்டுகிறது. பைகார்பனேட் 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 96 கிராமுக்கு மேல் கரையாது என்பதால் இந்தக் கரைசலை இனிப் பெரிதாகச் செறிவாக்க வழியில்லை. அடுத்த கலவையில் சோடியம் கார்பனேட்டுக்கு மாறப்போகிறேன். லிட்டருக்கு 106 கிராம் கரைத்தால் மில்லிலிட்டருக்கு இரண்டு மில்லி சமானம் கிடைக்கும், 55 மி.லி. போதும். கால்சியம் குளோரைடையும் 147 கிராமாக இரட்டிப்பாக்கிக்கொள்வேன். கார்பனேட் பி.எச். அளவையும் உயர்த்தும் என்பதால், அதன் தவணைகளைப் பெரும்பாலும் விளக்கு அணைந்த மணி நேரங்களுக்கு நகர்த்தி, மாற்றிய முதல் வாரம் முழுவதும் அதிகாலையிலும் மாலையிலும் அளந்து பார்ப்பதாகத் திட்டம்.